ஒரு முழங்காலும் காளையண்ணன் சொன்ன பங்கும்

அன்புக் குட்டிம்மாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே கத்த ஆரம்பித்துவிடுவாய், கடிதம் என்றால் முழுசாகப் படித்துவிட்டுக் கத்துவாய். முதலில் நல்ல சேதி. அம்மாவின் வலது முழங்கால் ஆபரேஷனுக்கு நீ அனுப்பிய பணம் அப்படியே இருந்தது, நேற்று ஆஸ்பத்திரியில் கட்டிவிட்டேன், செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியே இருந்தது என்கிறேனே, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார் அல்லவா, கையில் இருந்ததோ ஒன்றுக்குத்தான். உன்னிடம் மறுபடியும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்த நேரம் பார்த்து, பங்குச்சந்தை பற்றி ஆளாளுக்கு எழுதிப்போடும் ஒரு இணையதளத்தில் போய் விழுந்தேன். அங்கே காளையண்ணன் என்று ஒருவர், முகமும் தெரியாது முகவரியும் தெரியாது, ஆனால் எழுத்தில் அப்படி ஒரு தோரணை. நம் சலவைக் கடையில் ஆட்களின் சீருடையைத் துவைக்கப் போடுகிற பம்பு கம்பெனி இருக்கிறதே, அதன் பங்கை வாங்கச் சொன்னார். ஆர்டர் குவிகிறதாம், மூன்று ஷிப்டு ஓடுகிறதாம், மூன்றே மாதத்தில் இரட்டிப்பாம். கீழே நூறு பேர் ஆமாம் அண்ணா, ஆமாம் அண்ணா. எனக்கோ நம்ம கம்பெனி என்ற பெருமை வேறு. ஒரு முழங்காலை இரண்டு முழங்காலாக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டு, வெள்ளிக்கிழமை மொத்தத்தையும் போட்டுவிடுவதென்று முடிவு கட்டிவிட்டேன். அம்மாவிடம் மூச்சுவிடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை, நம் கடையில் இஸ்திரி போடுகிற வாத்தியார், எல்லோரையும் திருத்திக்கொண்டே இருப்பதால் அவருக்கு அந்தப் பெயர், அவரிடம் உட்கார்ந்து புலம்பினேன். பம்பு கம்பெனியிலிருந்து வாரம் ஆறு மூட்டை வந்துகொண்டிருந்தது, இப்போது இரண்டுதான் வருகிறது, எவனோ வேலையைத் தட்டிப் பறித்துவிட்டான் என்றேன். அதே மூச்சில் போனைக் காட்டி, கம்பெனி மூன்று ஷிப்டு ஓடுகிறது பாரும் என்றும் சொன்னேன். மனிதர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏன் முதலாளி, மூணு ஷிப்டு ஆளுங்களும் சட்டை போடாமலா வேலை பாக்குறாங்க என்றார். எனக்குச் சுரீர் என்றது. ஒன்பது வருடமாக அந்தச் சட்டைகளை என் கையால் எண்ணி வாங்குகிறேன், அதை நம்பாமல் போனை நம்பியிருக்கிறேன் பார்! மூட்டை கொண்டுவரும் டிரைவரைப் பிடித்துக் கேட்டேன். அட நீங்க வேற, நைட் ஷிப்டை நிறுத்தி நாலு மாசமாச்சு, பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க என்றார். இதை அப்படியே அந்தத் தளத்தில் எழுதிக் கேட்டேன். ஆமாம் அண்ணா போட்டவர்கள் எல்லாம் என்னைக் கைக்கூலி என்று திட்டித் தீர்த்தார்கள், சாயங்காலத்துக்குள் வெளியே தள்ளியும்விட்டார்கள். திட்டு வாங்கிவிட்டு இத்தனை நிம்மதியாக நான் இருந்ததே இல்லை. உன் ஆபீசில் யாராவது காதோடு காதாக ஒரு பங்கைச் சொன்னால், அந்தக் கம்பெனிக்குத் துணி துவைக்கிறவரை விசாரித்துவிட்டு அப்புறம் பேசு.

நேற்று பணம் கட்டிய ரசீதைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பூசை விழும் என்று பயந்துகொண்டே நின்றேன். அவள் ரசீதைப் படித்தாள், மடித்தாள், ஒரு கால் சரியானா போதும், இன்னொண்ணுக்குத்தான் நீங்க இருக்கீங்களே என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது குட்டிம்மா, உன்னிடம் மறைப்பானேன்.

நீங்கள் இருவரும் சீரும் சிறப்புமாய் இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்கு மேல் போன் பண்ணு, அதற்கு முன்னால் பண்ணி அவளைப் பயமுறுத்தாதே.

இப்படிக்கு,
உன் அப்பா,
அம்மாவின் இடது கால்.