மாதிரி பயோடேட்டா

பிப்ரவரி 6

அன்புள்ள பாட்டிக்கு,

உங்கள் குடுக்கை எழுதுகிறேன். முதலில் முழங்கால் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். மற்ற நலமெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

போன வாரம் சொன்னேனே, அந்தப் பாடத்தின் முதல் நான்கு பகுதிகளை அச்செடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வேலை தேடுவது எப்படி, பயோடேட்டா எழுதுவது எப்படி என்று இணையத்தில் நடக்கப்போகிற வகுப்பு. சேருகிறவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து போனில் படித்துக்கொள்ளலாம். பாடம் எழுதுவது நான். "பட்டம் வாங்கினவங்களுக்கு ஆயிரம் வகுப்பு இருக்கு. பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டவங்க படிச்சாலும் புரியணும், அதுதான் நமக்கு வேணும்" என்று என் மேலதிகாரி சொல்லிவிட்டார். சொன்னதும் உங்கள் முகம்தான் வந்து நின்றது. கோபித்துக்கொள்ளாதீர்கள். பென்சிலும் கையுமாக உட்கார்ந்து, புரியாத இடத்திலெல்லாம் கோடு போடுங்கள். கடைசியில் இருக்கிற பயிற்சியையும் செய்ய வேண்டும். உங்கள் பயோடேட்டாவை நீங்களே எழுத வேண்டும்.

போனில் கேட்டால் "எல்லாம் புரியுது, வேறென்ன" என்று வைத்துவிடுவீர்கள். அதனால் கடிதமாகவே எழுதுங்கள்.

நான் இன்னும் தற்காலிக ஊழியர்தான். இந்த வகுப்பு நன்றாகப் போனால் நிரந்தரம் செய்வார்களாம். நிரந்தரமானவர்கள் எந்த ஊரில் இருந்துகொண்டும் வேலை பார்க்கலாம். அப்புறம் நான் எங்கே இருப்பேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? பின்னறையில் நிற்கிற பீரோவை மட்டும் நகர்த்தி வைக்கச் சொல்லுங்கள். என் மேசைக்கு இடம் வேண்டும்.

இங்கே ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். ஞாயிற்றுக்கிழமைகள் யாரிடமும் வாய் திறக்காமலே போய்விடுகின்றன.

உங்கள்
குடுக்கை


பிப்ரவரி 17

என் அவசரக்குடுக்கைக்கு,

பாட்டி எழுதுவது. முழங்கால் இருந்த இடத்தில் இருக்கிறது. மாடிப்படி ஏறும்போது மட்டும் "நானும் இருக்கேன்" என்று ஆஜர் கொடுக்கிறது.

பாடம் வந்து சேர்ந்தது. "என்னம்மா இந்தக் கனம் கனக்குது, கோர்ட்டு கேஸா?" என்றார் தபால்காரர். "என் பேத்தி எழுதின பாடம்" என்றேன். இரண்டாவது மாடிக்காரி படியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் காதிலும் விழுகிற மாதிரிதான் சொன்னேன்.

அஞ்சாம் வகுப்போடு நின்றவள் என்று என்னைப் பிடித்திருக்கிறாய், சரி. அந்த அஞ்சாம் வகுப்பில் நான்தான் முதல் என்று உன் மேலதிகாரியிடம் சொன்னாயா, இல்லை அதை மட்டும் முழுங்கிவிட்டாயா?

கோடு நிறையப் போட்டிருக்கிறேன். முதல் பக்கத்திலேயே 'உங்கள் தொழில் இலக்கு' என்று கேட்டிருக்கிறாய். வீட்டு வாடகை என்று எழுதலாமா கூடாதா, நீ சொல்லவில்லை. 'தன்முனைப்புடன் செயல்படும் ஆளுமை' என்ற வரியை மூன்று தடவை படித்தேன். அப்படி ஒரு ஆள் எங்கள் சலவைக் கூடத்தில் இருந்ததாக நினைவில்லை.

நேர்முகத் தேர்வுப் பகுதியில், கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகுங்கள் என்று இருந்தது. பழகினேன். "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று நானே கேட்டு, நானே சொல்லிக்கொண்டு வந்தேன். தாத்தா போன பிறகு இந்த வீட்டுக்குள் இத்தனை நேரம் ஒரு குரல் கேட்டது அன்றைக்குத்தான். முடிக்கும்போது தொண்டை கட்டிவிட்டது. வேலை இல்லாமல் கிடந்த தொண்டை, என்ன செய்யும்.

பயோடேட்டாவை எழுதி வைத்திருக்கிறேன். பெயர், போன் நம்பர் எல்லாம் நீ சொன்னபடி மேலே. ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் விரிப்பு மடித்ததைக் கீழே. 'திறமைகள்' என்ற இடத்தில் என்ன போடுவது என்று தெரியாமல், இரண்டு பேர் மடிக்கிற விரிப்பை ஒற்றை ஆளாக மடிப்பேன் என்று போட்டேன். உண்மைதான். கூட நின்றவள் ஓய்வு பெற்றுப் போன பிறகு அப்படித்தான் மடித்தேன்.

பீரோவை நகர்த்தியாயிற்று. எங்கள் கட்டடக் காவல்காரரும் அவர் மச்சானும் வந்து தள்ளினார்கள். பீரோ இருந்த இடத்தில் தரை மட்டும் புதுசு மாதிரி இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. நின்றுகொண்டே சாப்பிடாதே.

இப்படிக்கு,
வகுப்பில் முதல் மாணவியாகிய
உன் பாட்டி


மார்ச் 3

அன்புள்ள பாட்டிக்கு,

உங்கள் கோடுகளைப் பார்த்து மேலதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் பாதிப் பாடத்தைத் திருத்தி எழுதச் சொல்லிவிட்டார். உங்கள் பயோடேட்டாவையே மாதிரியாக வைக்கப்போகிறோம். அந்த ஒற்றை ஆள் வரியில் கை வைக்கவே கூடாதாம். பெயரை மட்டும் எடுத்துவிட்டேன்.

நாளைக்குள் எல்லாவற்றையும் ஏற்றியாக வேண்டும். இன்னும் மூன்று பகுதி பாக்கி. அதனால் இதோடு நிறுத்துகிறேன். வகுப்பில் சேருகிறவர்களின் பெயர் திரையில் வந்துகொண்டே இருக்கும். ஒருவர் முகமும் தெரியாது. வேண்டிக்கொள்ளுங்கள்.

அவசரத்தில்,
குடுக்கை


ஏப்ரல் 10

என் தங்கத்துக்கு,

நீ செய்திருக்கிற காரியம் பாட்டிக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. நீயே சொல்வாய் என்று கொஞ்ச நாள் பார்த்தேன். நீ வாயைத் திறக்கவில்லை. அதனால் நானே கேட்டுவிடுகிறேன்.

போன மாதம் ஒரு காலையில் போன் அடித்தது. "அம்மா, ஒத்த ஆளா விரிப்பு மடிக்கிறவங்க நீங்கதானா?" என்றது ஒரு குரல். "மடிச்சேன், இப்ப மடிக்கறதில்ல. யாருப்பா?" என்றேன். உன் வகுப்பில் படிக்கிறவராம். மாதிரி பயோடேட்டாவில் நம்பர் இருந்ததாம், சந்தேகம் கேட்கலாமா என்றார். அன்றிலிருந்து நாள் தவறாமல் யாராவது கூப்பிடுகிறார்கள். நான் நாற்காலியைப் போனுக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டேன். சாயங்காலம் கடைக்குக்கூடப் போவதில்லை, யாராவது கூப்பிட்டு எடுக்க ஆளில்லாமல் போய்விட்டால் பாவம்.

முதலில் கூப்பிட்டவர் ஒரு காவலாளி, ஐம்பது தாண்டியவர். பழைய வேலையை ஏன் விட்டோம் என்று எழுத வேண்டுமா என்பது அவர் சந்தேகம்.

"ஏன் விட்டே?"

"மேனேஜர் எல்லார் முன்னாடியும் திட்டிட்டாரும்மா."

"அப்ப அதையே எழுது. களவா பண்ணினே, மறைக்கிறதுக்கு?"

அதை எழுத வேண்டாம் என்று உன் பாடத்தில் இருப்பது தெரியும். இருந்தாலும் என் மனசுக்குப் பட்டதைச் சொன்னேன்.

எக்ஸ்ரே எடுக்கிற பெண் ஒருத்தி. வேலை போய், வீடும் உடைந்து, அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறாள். அவள் சந்தேகமே கேட்பதில்லை. "சும்மாதாம்மா கூப்பிட்டேன்" என்பாள். அப்புறம் இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் இருப்போம். அவள் பக்கத்து மின்விசிறி ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்கும். என் குக்கர் கூவுவது அவளுக்குக் கேட்கும்.

பாட்டி தனியாகக் கிடக்கிறாள், நாலு பேர் பேசட்டும் என்றுதானே பெயரை எடுத்தவள் நம்பரை மட்டும் விட்டு வைத்தாய்? கேட்டுச் செய்தால் வேண்டாம் என்பேன் என்று கேட்காமலே செய்துவிட்டாய். உன்னை அவசரக்குடுக்கை என்று சொன்ன வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். உன்னைப் போல ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும்.

உன்
பாட்டி


ஏப்ரல் 21

பாட்டி,

கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியில் நின்று படித்தேன். நான் ஒரு ஏற்பாடும் செய்யவில்லை. நம்பரை எடுக்க மறந்துவிட்டேன். அவ்வளவுதான்.

நேற்று அந்தக் காவலாளி வகுப்பைப் பற்றிக் கருத்து எழுதியிருக்கிறார். "உதவித் தொலைபேசியில் அம்மா சொன்னபடி எழுதினேன். படித்துப் பார்த்துவிட்டு வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்" என்று. மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, "நம்மகிட்ட ஏதும்மா உதவித் தொலைபேசி?" என்றார். நிரந்தரம் செய்வதைப் பற்றிப் பேசவிருந்த வாரத்தில் இது. பாடத்தில் வேண்டாம் என்று எழுதியிருப்பதை ஏன் பாட்டி மாற்றிச் சொன்னீர்கள்? பாவம் அந்த மனிதர். வேலையும் போயிற்று, வரவிருந்ததும் போயிற்று.

நம்பரை இன்று எடுத்துவிட்டேன். இனி யார் கூப்பிட்டாலும் தவறான எண் என்று வைத்துவிடுங்கள்.

குடுக்கை


மே 4

அன்புள்ள பேத்திக்கு,

நீ எழுதியது சரி. அந்தக் காவலாளிக்கு நான் சொன்னது தப்பு. மறுபடி கூப்பிட்டார். பேசாமல் வைக்க மனம் வரவில்லை, மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கம்மா, நீங்க சொன்னப்ப நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

இப்போது போன் அடிப்பதில்லை. எக்ஸ்ரேக்காரி மட்டும் எப்போதாவது கூப்பிடுகிறாள். அவளைத் தவறான எண் என்று சொல்ல எனக்கு வராது.

நீதான் ஏற்பாடு செய்தாய் என்று நினைத்துக்கொண்டிருந்த நாட்கள் நன்றாக இருந்தன. நினைத்தது நான். உன் மேல் குறை இல்லை.

பாட்டி


மே 27

அன்புள்ள பாட்டிக்கு,

உங்கள் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன். பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். காவலாளியின் கருத்தில் கடைசி வரியை அன்று நான் கவனிக்கவில்லை. "ஆனாலும் அந்த அம்மாவிடம் எப்போது பேசலாம் என்று சொல்லுங்கள்" என்று முடித்திருந்தார். நம்பரை எடுத்த பிறகு அதே மாதிரி வந்துகொண்டே இருந்தது. போன் எங்கே, அந்த அம்மா எங்கே என்று. மேலதிகாரி எல்லாவற்றையும் மேலே அனுப்பிவிட்டார். இப்போது நிஜமாகவே ஒரு உதவித் தொலைபேசி தொடங்குகிறார்கள். பேசுவதற்கு ஆறு பேர். அவர்களைப் பழக்கி நடத்துகிற பொறுப்பு எனக்கு. நிரந்தர வேலை, பாட்டி. ஆனால் தினமும் ஆபீஸில் இருந்தாக வேண்டும். வீட்டிலிருந்து பார்க்கிற பேச்சே இல்லை.

வேண்டாம் என்றால் பழையபடி தற்காலிகம். அதுவும் எத்தனை நாளைக்கோ. இருந்தாலும் உங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். 'வா' என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். இவர்களிடம் முடியாது என்று சொல்லிவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். அங்கே ஏதாவது ஒரு வேலை தேடிக்கொள்ள மாட்டேனா, எப்படித் தேடுவதென்று பாடமே எழுதினவள்.

உங்கள் பதிலுக்காக,
குடுக்கை


ஜூன் 8

என் கண்ணான குடுக்கைக்கு,

உன் கடிதத்தைத் தபால்காரர் முன்னாலேயே பிரித்தேன். "என்னம்மா விசேஷம்?" என்றார். "என் பேத்தி ஆறு பேருக்கு மேலதிகாரி ஆயிட்டா" என்றேன். இரண்டாவது மாடிக்காரி ஊரில் இல்லை. அது ஒன்றுதான் குறை.

அந்த வேலையை எடுத்துக்கொள். யோசிக்காதே.

பின்னறையை எக்ஸ்ரேக்காரிக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்கு இந்த ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. தங்க இடம் தேடிக்கொண்டிருந்தாள். உன் கடிதம் வந்த அன்றே, இருட்டுவதற்குள் அவளைக் கூப்பிட்டு வரச் சொன்னேன். ஏன் அத்தனை அவசரம் என்று கேட்பாய். அறை காலியாக இருந்தால் நான் 'வா' என்று எழுதிவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா.

இரண்டு பையோடு வந்தாள். போனில் பேசாமல் இருந்த மாதிரியே நேரிலும் பேசுவதில்லை. காலையில் போகிறாள், வந்து கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான் சமைத்து வைத்தால் "எதுக்கும்மா சிரமம்" என்று சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைக்கிறாள். நல்ல பெண். அவள் நீயாகிவிட மாட்டாள், ஆனால் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் இப்போது என் கையால் மட்டும் இல்லை.

போனில் கூப்பிட்டு அழாதே. நீ அழுதால் எனக்கும் வந்துவிடும், அப்புறம் நான் இத்தனை உறுதியாக எழுதினதெல்லாம் தண்ணீரில் போய்விடும். உன் ஆறு பேருக்கும் ஒன்று மட்டும் சொல்லி வை. சில பேர் சந்தேகம் இல்லாமல் கூப்பிடுவார்கள். உடனே வைத்துவிட வேண்டாம்.

இனி நீ இங்கே வருவதாக இருந்தால் முன்னாலேயே எழுதிவிட்டு வா. கூடத்தில் படுக்கை போட்டு வைக்கிறேன். வந்த விருந்தாளிக்கு என் வீட்டில் ஒரு குறையும் இருக்காது.

உன்
பாட்டி