படகின் பின்பாதி

மார்ச் 4

படகின் பின்பாதி முதலாளியான என் அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. அம்மா நலம். நானும் நலம், முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்ப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தில் பிடிக்கிறேன்.

படகை விற்கப் போகிறோம். நாம் அதில் மிதந்ததைவிட அதற்கு அடியில் படுத்துப் பழுது பார்த்ததுதான் அதிகம். பேக்கரிக்காரர் வந்து பார்த்தார். "இன்ஜின் இருமுற மாதிரி இருக்கே?" என்றார். "என்கூடவே இருந்து பழகினதுங்க, அப்படித்தான் இருமும்" என்றேன். சிரித்துவிட்டார். வாங்கிக்கொள்கிறாராம்.

அந்தப் பணத்தில் நானும் அம்மாவும் உன்னைப் பார்க்க வருகிறோம். அம்மா சக்கரம் வைத்த பெட்டி வாங்கிவிட்டாள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே இழுத்து இழுத்துப் பழகுகிறாள். விமான நிலையத்தில் உன் மானம் போகக் கூடாதாம்.

ஒரு சிக்கல். பதிவுப் புத்தகத்தில் இரண்டு பெயர். உனக்குப் பதினெட்டு முடிந்தபோது பரிசு வாங்க வக்கில்லாமல் பாதிப் படகை உன் பேரில் எழுதினேனே! முன்பாதி எனக்கு, இன்ஜின் இருக்கும் பின்பாதி உனக்கு. ரிப்பேர் செலவு உன் தலையில் என்று பெரிய தந்திரம் செய்ததாக நினைப்பு. இப்போது பதிவு அலுவலகக் குமாஸ்தா, "பையன் கையெழுத்தும் வேணும் பெரியவரே. அங்க நம்ம தூதரகத்துல அதிகாரி முன்னாடி போட்டு, முத்திரை வாங்கி அனுப்பச் சொல்லுங்க" என்கிறார். படிவம் இத்துடன் இருக்கிறது. பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்து. பாஸ்போர்ட்டை மறந்துவிடாதே.

முன்பாதி முதலாளி,
அப்பா

மார்ச் 23

அன்புள்ள அப்பாவுக்கு,

படிவம் கிடைத்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். முத்திரைக்குப் போக முடியவில்லை, கடையில் விடுப்புத் தரவில்லை. முத்திரை இல்லாமல் முடியுமா என்று பாருங்களேன். நீங்கள் பேசினால் எந்தக் குமாஸ்தாவும் இளகிவிடுவார்.

இங்கே குளிர் தாங்க முடியவில்லை. வருகிற திட்டத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமே. எனக்காகப் படகை விற்க வேண்டாம் அப்பா.

மகன்

ஏப்ரல் 10

அன்பு மகனுக்கு,

குமாஸ்தா இளகவில்லை. முழங்கால் கதையைச் சொன்னேன். படகை நான் துடுப்போடு சேர்ந்து கவிழ்த்த கதையையும் சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், அவர் மட்டும் "முத்திரை எங்க?" என்றார். புதுப் படிவம் கொடுத்திருக்கிறார். உன் பாஸ்போர்ட் நகலும், அங்கே குடியிருக்க உனக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டின் நகலும் வேண்டுமாம். நாங்கள் விசா கேட்கவும் அதே சீட்டுதான் வேண்டும் என்கிறார்கள். இரண்டாக நகல் எடுத்துவிடு.

பேக்கரிக்காரர் அவசரப்படுகிறார். கோடை முடிவதற்குள் பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக வேண்டுமாம். "பாதிப் படகை வச்சு நான் என்ன செய்றது?" என்கிறார். நியாயம்தானே? ஒரு காலைப் பொழுது வேலை, போய் முடித்துவிடு.

குளிர் என்றதும் அம்மா பயந்துவிடுவாள் என்று பார்த்தாயா? என் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடமாடுகிறாள். இந்த வெயிலில்! வேர்க்கிறது, கழற்ற மாட்டேன் என்கிறாள்.

அப்பா

மே 2

அப்பா,

அம்மா பக்கத்தில் இருந்தால் பிறகு படியுங்கள்.

என்னிடம் அந்தச் சீட்டு இல்லை. முதலில் இருந்த கம்பெனியை மூடியபோதே அனுமதி முடிந்துவிட்டது. புதுப்பித்துத் தருவதாகச் சொன்ன ஆளிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். ஆளையும் காணோம், பாஸ்போர்ட்டையும் காணோம்.

உங்கள் படிவத்தோடு தூதரக வாசல் வரை போனேன். உள்ளே போனால் ஊருக்கு அனுப்புகிற காகிதம்தான் தருவார்கள். அதோடு போகிறவர்களை இங்கே முதலில் காவலில் வைக்கிறார்கள். என் அறையில் இருந்த தையல்காரர் அப்படித்தான் போனார். எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. எதிர்ப்பக்கம் நின்று கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

இந்த அறையைக் காலி செய்கிறோம். இந்தப் போன் எண்ணும் இருக்காது. புது இடம் கிடைத்ததும் எழுதுகிறேன். அதுவரை எழுதாதீர்கள். உறை மேல் என் முழுப்பெயர் இருக்கிறது.

மன்னித்துக்கொள்ளுங்கள்.

மே 21

மகனே,

எழுதாதே என்றாய். நான் எப்போது சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறேன்?

உன் கடிதத்தைப் படகுக்குள் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து படித்தேன். எனக்கு இருப்பது பம்பு ரிப்பேர்காரன் மூளை. எது நின்றுபோனாலும் கழற்றி மாட்டினால் ஓடிவிடும் என்று நினைக்கும். இதில் எந்தத் திருகில் கை வைப்பது என்றே தெரியவில்லை. ஒரு வக்கீலிடம், தெரிந்தவர் பையனுக்கு என்று சொல்லிக் கேட்டேன். "அந்தப் பையனே நேர்ல போய் நிக்கணும்" என்றார். நீ எதிர்ப்பக்கம் நின்றதை அவரிடம் சொல்லவில்லை.

பதிவு அலுவலகத்தில் மனுவைத் திரும்ப வாங்கிவிட்டேன். "காரணம் எழுதணுமே" என்றார் குமாஸ்தா.

"மனசு மாறிட்டோம்னு எழுதுங்க."

"மாறிட்டோமா? பையனைக் கேட்டீங்களா?"

"அவன்தாங்க முதல்ல மாறினான். இன்ஜின் பக்கம் அவனுது. அது எந்தப் பக்கம் இழுக்குதோ, அந்தப் பக்கம்தானே நான் போகணும்?"

மனிதர் சிரித்துவிட்டார்! அந்த முகத்தில் பல் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். உடனே உனக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

பேக்கரிக்காரர் பின்வாங்கிவிட்டதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவரைத் திட்டித் தீர்த்துவிட்டாள். இனி அந்தக் கடை ரொட்டி வீட்டுக்குள் வரக் கூடாதாம். பாவம், அவர் தெருவில் பார்த்து வணக்கம் சொல்கிறார்; அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பெட்டியை நேற்று கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். நல்ல சக்கரம். சத்தமே வரவில்லை.

சாயங்காலம் உன் பாதியை ஓட விட்டுப் பார்த்தேன். இருமியது. எண்ணெய் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

உறையை ஒட்டிவிட்டேன். நீ பயந்த பெயரை மேலே எழுதவில்லை, எழுத விலாசமும் இல்லை. தபால்தலை மட்டும் ஒட்டியிருக்கிறேன்.

அப்பா