தம்பி பெயருக்குப் போன என் இடம்

அனுப்புநர்:
தேர்வு எண் 17,
இளம் கால்நடை வளர்ப்போர் பயிற்சித் திட்டம்,
பால் சேகரிப்பு நிலையத்தின் பின்தெரு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கால்நடைத் துறைத் தலைமை அலுவலகம்.

பொருள்: நான் தேர்ச்சி பெற்ற பயிற்சி இடமும் உதவித்தொகையும், விண்ணப்பமே போடாத என் தம்பியின் பெயருக்கு மாற்றப்பட்டது – அதை ரத்து செய்து என் பெயரில் ஆணை வழங்கக் கோருதல்.

பார்வை: பயிற்சி நிலையக் கண்காணிப்பாளர் என் தம்பிக்கு அனுப்பிய விளக்கம் கேட்கும் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தம்பி பயிற்சிக்குத் தொடர்ந்து வராததால் அவனுடைய இடத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று கேட்டு எங்கள் வீட்டுக்குக் கடிதம் வந்திருக்கிறது. வரும் புதன்கிழமைக்குள் பதில் தர வேண்டுமாம். அவன் வரவில்லை என்பது உண்மை. வர மாட்டான் என்பதும் உண்மை. அந்த இடத்தில் தினமும் நான் இருக்கிறேன் என்பதும் உண்மை. இந்த மூன்றும் எப்படி ஒன்றாக உண்மையாயின என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இம்மனு.

2. எனக்கு இருபத்திரண்டு வயது. லாரி மோதி என் அப்பாவின் கால் முறிந்ததிலிருந்து எங்கள் தொழுவம் என் பொறுப்பு. பால் கறப்பதும் சாணி அள்ளுவதும் மட்டுமல்ல. எந்தப் பசுவுக்கு எந்தக் காளையின் சினை ஊசி போடுவது, எந்தக் கன்றை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்பதும் நான் முடிவு செய்வதுதான். எங்கள் கறுப்பி பால் குறைவாகக் கொடுத்தாலும் எந்த வெயிலிலும் தீனியைக் குறைக்காது. அந்தக் குணமும் வேண்டும், பாலும் வேண்டும் என்று யோசித்து நான் காளை தேர்ந்தெடுத்துப் பிறந்த கிடேரி இப்போது எங்கள் வீட்டில் வளர்கிறது. இதை முறையாகக் கற்றுக்கொள்ளத்தான் இத்திட்டத்துக்கு விண்ணப்பித்தேன். பயிற்சி முடிப்பவர்களுக்குச் சொந்தமாக ஒரு சினைக் கிடேரி தருவீர்கள் என்பதும் ஒரு காரணம். அதை மறைக்க வேண்டியதில்லை.

3. களத் தேர்வில் நான்கு கிடேரிகளைப் பார்த்துத் தரம் பிரித்துக் காரணம் சொல்ல வேண்டும். பழக்கமில்லாத காளை ஒன்றை மைதானத்தைச் சுற்றி நடத்திவர வேண்டும். இரண்டையும் செய்தேன். முதலிடம் என்று தகவல் பலகையில் ஒட்டினார்கள். அடுத்து நேர்காணல். அங்கே மாட்டைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. கண்காணிப்பாளர் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: “நாளைக்கே உனக்குக் கல்யாணம் ஆயிடும். போற இடத்துல மாடு இருக்குமோ இருக்காதோ. அரசாங்கம் உன்மேல செலவு பண்றதுல என்னம்மா பிரயோஜனம்?” நான், “மாடு இல்லாத வீட்டுக்கு நான் ஏன் சார் போகப்போறேன்?” என்றேன். நேர்காணல் குழுவில் இருந்த மற்ற இருவரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

4. அதற்குப் பின் என் அப்பாவை மட்டும் தனியாக அழைத்து, விதியில் “இளைஞர்” என்றுதான் இருக்கிறது, மகன் பெயருக்கு மாற்றிக் கொடுத்தால் இடம் உங்களுக்கே, இல்லாவிட்டால் வேறு குடும்பத்துக்குப் போய்விடும் என்று சொல்லிச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அப்பா வீட்டுக்கு வந்து, “எந்தப் பேர்ல வந்தா என்னம்மா, நம்ம வீட்டுக்குத்தானே வருது?” என்றார். அம்மா அன்றைக்கு அவருக்குச் சோற்றைப் போட்டுவிட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டார்.

“இளைஞர்” என்றால் ஆண் மட்டும்தான் என்பது துறையின் கருத்தானால், பால் சேகரிப்பு நிலையச் சுவரில் தாங்கள் ஒட்டியிருக்கும் விளம்பரத்தில் கன்றுக்குட்டியைக் கட்டிக்கொண்டு சிரிப்பது யார் என்று அறிய விரும்புகிறேன். சுவரில் சிரிக்க மட்டும் பெண் வேண்டுமா?

5. என் தம்பி இருசக்கர வாகனப் பட்டறையில் வேலை செய்கிறான். எந்த வண்டியின் சத்தத்தைக் கேட்டாலும் என்ன கோளாறு என்று சொல்வான். மாட்டைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவான். அடையாள அட்டை வீட்டுக்கு வந்தபோதுதான் அவனுக்கே விஷயம் தெரிந்தது. மறுநாள் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு என்னுடன் பயிற்சி நிலையத்துக்கு வந்தான். கண்காணிப்பாளரிடம், “சார், எனக்கு மாடுன்னாலே நடுங்கும். முன்னாடி நின்னா முட்டும், பின்னாடி நின்னா உதைக்கும். இது எங்கக்கா ஜெயிச்ச இடம். அவளையே சேர்த்துக்கங்க” என்று அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு நின்றபடியே சொன்னான். இவ்வளவு நீளமாக அவன் எந்த அதிகாரியிடமும் பேசி நான் பார்த்ததில்லை.

அதற்கு அவர் சொன்ன பதில்: “பயம்னா நீ வீட்ல இருப்பா. அக்கா வந்து வேலையைப் பாக்கட்டும். கார்டு, சர்டிபிகேட், கிடேரி எல்லாம் உன் பேர்ல இருக்கட்டும். இதுல யாருக்கு என்ன நஷ்டம்?”

“எனக்குத்தான் சார்” என்றேன். அவர் அட்டையை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த கோப்பை எடுத்துக்கொண்டார்.

6. ஐயா, அந்த அட்டையில் இருப்பது என் தம்பியின் முகம். நல்ல மீசை. அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நான் வகுப்பில் உட்கார வேண்டும் என்று ஒரு அரசு அலுவலகம் எதிர்பார்க்கிறது. நான் மறுத்தேன். களத் தேர்வன்று எனக்குக் கொடுத்த, 17 என்று எழுதிய எண் துணியை முதுகில் குத்திக்கொண்டு வகுப்புக்குப் போனேன். இன்றுவரை அப்படித்தான் போகிறேன். காவலாளி முதல் நாள் தடுத்தார். பாடம் எடுக்கும் கால்நடை மருத்துவர், “படிக்க வந்தவங்களைத் துரத்துறது என் வேலை இல்லை. உள்ள விடுங்க” என்று சொன்னதால் விட்டார். அவருக்கு இதனால் தொல்லை வரக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

தீவனம் கலக்கிறேன், கொட்டகை கழுவுகிறேன், தேர்வு எழுதுகிறேன். வருகைப் பதிவில் தம்பிக்கு “வரவில்லை” என்று விழுகிறது; எனக்குக் கட்டமே இல்லை. உடன் பயில்பவர்கள் முதலில் கேலி செய்தார்கள். ஒருவர் நல்ல மனதோடு, “கார்டைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் பேசாம இருந்துடு அக்கா. முடிச்சிட்டுப் போனப்புறம் யாரு கேக்கப்போறா?” என்றார். முடித்துப் போன பிறகுதான் ஐயா கேட்பார்கள். சான்றிதழைப் பார்த்து வங்கி கேட்கும், துறை கேட்கும், கிடேரியை விற்கும்போது வாங்குபவர் கேட்பார். அப்போதெல்லாம் நான் யார் என்று சொல்வது?

7. விளக்கம் கேட்டு வந்த கடிதத்தை என் அப்பா வாசலில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தார். பிறகு சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பயிற்சி நிலையத்துக்குப் போய்த் தம் சம்மதக் கடிதத்தைத் திருப்பிக் கேட்டார். சாயங்காலம் வரை நடைபாதையில் நிற்க வைத்துவிட்டு, “கையெழுத்துப் போட்டது போட்டதுதான்” என்று அனுப்பிவிட்டார்கள். அதிகாரிகள் எதிரில் குரல் உயர்த்தாதவர் அவர். அன்றும் உயர்த்தவில்லை. ஆனால் மறுநாள் காலையில் எனக்கு முன்பே கிளம்பி, முறிந்த அந்தக் காலை இழுத்துக்கொண்டே என்னுடன் நடந்து வந்தார். வகுப்பு முடியும்வரை வாயிற்கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். யாராவது என்ன விஷயம் என்று கேட்டால், “எம் பொண்ணு உள்ள படிக்குது” என்று மட்டும் சொல்கிறார். இப்போது தினமும் வருகிறார். சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக அவர் எழுதிய கடிதம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

8. எனவே கோருவன: பயிற்சி ஆணையையும் அடையாள அட்டையையும் என் பெயரில் வழங்க வேண்டும். நான் வகுப்பில் இருந்த நாட்களை, நான் இருந்த நாட்களாகவே பதிவு செய்ய வேண்டும். உதவித்தொகையும் கிடேரியும் என் பெயரில் வர வேண்டும். இனிமேல் நேர்காணலுக்கு வரும் எந்தப் பெண்ணிடமும் கல்யாணத்தைப் பற்றிக் கேட்கக் கூடாது. ஆண்களிடம் கேட்பதாக இருந்தால் எங்களிடமும் கேட்கலாம்.

மறுப்பதாக இருந்தால் அதற்கான காரணத்தைத் துறையின் முத்திரையோடு எழுத்தில் தர வேண்டும். வாய்மொழியாகச் சொல்லும் காரணம் எதையும் இனி ஏற்க மாட்டேன். என் அப்பாவைத் தனியாக அழைத்துச் சொல்லும் காரணத்தையும் ஏற்க மாட்டேன்.

9. மனு பரிசீலனையில் இருக்கும்போது வீட்டில் இருப்பதுதான் மரியாதை என்று அலுவலகத்தில் ஒருவர் அறிவுரை சொன்னார். தங்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. வீட்டில் இருக்க மாட்டேன். திங்கட்கிழமை சினைப் பரிசோதனை வகுப்பு. அதற்கு வருவேன். தங்கள் ஆணை அதற்கு முன்பு வந்தால் முறைப்படி வந்தவளாக இருப்பேன். பின்பு வந்தாலும் வந்தவளாகவே இருப்பேன்.

பணிவுடனும், பின்வாங்கும் எண்ணம் துளியும் இன்றியும்,

(ஒப்பம்)
மனுதாரர், மாடு வளர்ப்பவர்

உடன் ஒப்பமிடுவோர்:
(ஒப்பம்) தம்பி, வாகனப் பழுது பார்ப்பவர்
(கைரேகை) அம்மா
(ஒப்பம்) அப்பா – இம்முறை முழுவதும் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டது

இடம்: பயிற்சி நிலைய வாசல்
நாள்: சனிக்கிழமை