அமத்தினால் எழும்புற கட்டி

அன்புள்ள அப்பாவுக்கு,

மாதாவின்ரை துணையாலை நான் சுகம். உங்கடை சுகம் அறியத்தான் எழுதுறன். போன் எடுத்தால், நீங்கள் நித்திரை எண்டுதான் அம்மா சொல்லுறா.

என்ரை வேலை என்னெண்டு முந்திக் கேட்டனீங்களெல்லே. மரநாரோடை கண்ணுக்குத் தெரியாத கரிக்குழாய்களைக் கலந்து, பஞ்சை விட லேசான கட்டி செய்யிறம். மெசின் அதை நாள் முழுக்க அமத்தும். விட்டவுடனை பழைய உயரத்துக்கு எழும்பியிடும். பக்கத்திலை இருந்து பாக்கிறதுதான் என்ரை வேலை.

நேற்று நான் தும்ம, ஒரு கட்டி பறந்துபோய்த் தண்ணிக் கோப்பைக்குள்ளை விழுந்திட்டுது. லாப்பிலை எல்லாரும் சிரிச்சவை, நானும்தான். நனைஞ்சு சப்பளிஞ்சது பிறகு எழும்பேல்லை. காயவைச்சும் பாத்தன். பாத்துக்கொண்டு இருக்கிறதைத் தவிர ஒண்டும் செய்யேலாமல் போச்சு.

வள்ளத்தாலை விழுந்த பிறகு நீங்கள் கட்டிலை விட்டு எழும்பினனீங்களோ எண்டு கேட்டால், அம்மா மரக்கறி விலை கதைக்கிறா. பின்லாந்திலை இருந்துகொண்டு நான் என்னத்தைச் செய்ய?

மிளகாய்த்தூள் முடியப்போகுது, ஆரும் இஞ்சை வந்தால் அம்மாவைக் குடுத்துவிடச் சொல்லுங்கோ. லாப் பூட்டப் போகினம், நிப்பாட்டுறன்.

அப்பா, இனி நான் போன் எடுக்கேக்கை, நித்திரை எண்டு அம்மா சொன்னால், கட்டிலிலை கிடந்தபடியே ஒருக்கால் செருமுங்கோ. எனக்குக் கேக்கும்.

உங்கடை மகள்,
ஜெசிதா