ஏரிப்பக்கச் சுவர்

செப்டம்பர் 4, திங்கள்

ஏரிப்பக்க அறையின் கூரையை இன்று பிரித்தாகிவிட்டது. அனுமதி வாங்க நாய் படாத பாடு பட்டேன். கரையோரப் பழைய வீடாம். நிற்கிற சுவரைப் பழுதுபார்க்கலாம், விழுந்த சுவரை மறுபடி எழுப்பக் கூடாதாம். தண்ணீர்ப் பக்கம் ஓர் அங்குலம்கூட நகரக் கூடாதாம். சரி, நான் என்ன அரண்மனையா கேட்டேன்? பக்கவாதத்தில் படுத்ததிலிருந்து இவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: கட்டிலில் இருந்தபடியே ஏரி தெரிய வேண்டும். அந்த அறையின் ஜன்னலைக் கொஞ்சம் தாழ்வாக இறக்கினால் போதும்.

கரை ஆபீசர் அம்மா வெள்ளிக்கிழமை பார்க்க வருகிறார். அவர் தலையாட்டினால் மறுநாளே புதுக் கூரை ஏறும்.

செப்டம்பர் 7

கடையை மூடிவிட்டு வந்து பார்க்கிறேன், கரை மொட்டையாகக் கிடக்கிறது. நாணல், புதர், ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. எல்லாம் கொழுந்தன் வேலை. வியர்வை வழிய, கையில் அரிவாளோடு சிரிக்கிறான். "ஆபீசர் வர்றாங்களே அண்ணி, வர்ற இடம் பளிச்சுன்னு இருக்க வேண்டாமா?"

விருந்தாளிக்கு வீட்டைப் பெருக்கி வைப்பது போலக் கரையைப் பெருக்கி வைத்திருக்கிறான்! அந்தச் செடிகளைத் தொடக் கூடாது என்பதுதான் முதல் விதியே. யாரைக் கேட்டுத் தொட்டான்? யாரைக் கேட்டு?

செப்டம்பர் 8

வேலை நின்றது. ஆபீசர் வீட்டைப் பார்க்கவே இல்லை, கரையைத்தான் பார்த்தார். "திரும்ப நடுங்க. வேர் பிடிக்கட்டும். அதுவரைக்கும் கட்டட வேலை கூடாது."

"மேல கூரை இல்லைங்க, மழை வரப்போகுதுங்க" என்று கத்தினேன்.

"தார்ப்பாய் போட்டுக்கோங்க."

எவ்வளவு சாவகாசமாகச் சொல்கிறார்! அவர் தலைக்கு மேல் கூரை இருக்கிறது அல்லவா.

செப்டம்பர் 19

இடுப்பளவு தண்ணீரில் நின்று நாணல் நட்டுக்கொண்டிருக்கிறான். நடட்டும். முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்டோபர் 11

விடாத மழை. தார்ப்பாய் கிழிந்து ஏரிப்பக்கச் சுவர் ஊறிவிட்டது. நடுவில் வயிறு தள்ளி நிற்கிறது. தடை இருக்கும்போது கை வைக்க மாட்டேன் என்கிறார் மேஸ்திரி. ஆபீசர் போனை எடுக்கவில்லை.

சாயங்காலம் கொழுந்தன் தோளில் கட்டைகளைச் சுமந்துகொண்டு வந்தான். "முட்டுக் கொடுத்துடறேன் அண்ணி." எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ — "நீ ஒண்ணையும் தொடாதே! தொட்ட வரைக்கும் போதும். இனிமே என்னைக் கேக்காம இந்த வீட்டுல ஒரு துரும்பைக்கூட நகத்தாதே!"

கட்டைகளை வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போனான். இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார்.

அக்டோபர் 12

சுவர் விழுந்துவிட்டது.

அக்டோபர் 16

ஆபீசர் வந்தார். விழுந்தது விழுந்ததுதானாம். அந்த அறையையே எடுத்துவிட வேண்டும். இனி வீடு சமையலறையோடு முடியும். அதோடு விட்டாரா? "முட்டாவது கொடுத்திருக்கலாமே? அது கட்டட வேலை இல்லம்மா, பாதுகாப்பு. அதுக்குத் தடையே இல்லையே" என்றார்.

அப்போ அதை முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? போனை எடுத்திருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?

கொழுந்தன் பக்கத்திலேயே நின்றான். 'அண்ணிதான் வேண்டாம்னாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லாததற்கும் சேர்த்து அவன்மேல்தான் கோபம் வந்தது. என்ன ஜென்மம் நான்?

டிசம்பர் 3

கரையில் நாணல் வேர் பிடித்துவிட்டது. ஆபீசருக்குத் திருப்தியாம். தடை நீங்கி, சமையலறைச் சுவரை வெளிப்பக்கம் பூசி முடித்தார்கள். அங்கே கட்டில் போட இடமில்லை. இவர் தெருப்பக்க அறையில் படுத்தபடி, போகிற வருகிற பேருந்துகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கொழுந்தன் வந்தான். இப்போதெல்லாம் எல்லாவற்றுக்கும் கேட்கிறான். ஃபேன் போடட்டுமா அண்ணி, ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக்கட்டுமா அண்ணி. கிண்டலாகக் கேட்டாலாவது நாலு வார்த்தை திட்டலாம். கிண்டல் இல்லை.

இன்று சக்கர நாற்காலியில் இவரைத் தூக்கி உட்காரவைத்துவிட்டுக் கேட்டான்: "அண்ணனைக் கரைக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா அண்ணி?"

"கேக்காமத்தான் போயேன்!" என்று கத்திவிட்டேன். கத்தியதில் எனக்கே அழுகை வந்துவிட்டது. இவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவன் நகரவில்லை. நான் சரி என்று சொல்லும்வரை நாற்காலியைப் பிடித்தபடி நின்றான்.