அது உன் செடி இல்லை

என் அன்பு மருமகளுக்கு,

உன் அத்தை சொல்லச் சொல்ல மேல்வீட்டு நர்ஸ் எழுதுவது. கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பதறாதே. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். வலது கையில் மட்டும் மாவுக்கட்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நீயும் வாண்டுவும் சௌக்கியம்தானே? அவளுக்கு முன்பல் விழுந்துவிட்டதாம். பாட்டியிடம் சொல்லாமல் விழுந்த பல்லோடு நான் டூ விட்டிருக்கிறேன் என்று சொல்.

ஞாயிற்றுக்கிழமை நீ இங்கே திரும்பி வர வண்டி ஏறப்போவதாக நர்ஸ் சொன்னாள். என் பிள்ளை உனக்கு அனுப்பி, நீ அவளுக்கு அனுப்பிய போட்டோவையும் காட்டினாள். உன் பச்சை பிளாஸ்டிக் தொட்டி, அதில் பீஸ் லில்லி, வெள்ளை வெள்ளையாக ஏகப்பட்ட பூ. “உன் செடிய எப்படிப் பாத்துக்கறேன் பாரு, நான் மாறிட்டேன்” என்று கீழே எழுதியிருக்கிறான். அதைப் பார்த்துத்தான் உன் மனம் இளகியதாம்.

அம்மாடி, அது உன் செடி இல்லை. உன் செடி அந்தக் குளியலறை ஜன்னலோரத்தில் வருஷத்துக்கு ஒரு பூ விட்டாலே நீ வீட்டையே கூட்டிக் காட்டுவாய். போட்டோவில் இருப்பது அவன் கடையில் வாங்கி வந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். நீ போன பிறகு அதற்கு நான்தான் தண்ணீர் ஊற்றினேன். “சமைக்கவும் ஆகாது, தலையில வைக்கவும் ஆகாது, இதுக்கா இத்தனை சீராட்டு” என்று உன்னிடம் வம்பு வளர்த்த அதே நான்தான். வீட்டில் பேச்சுத் துணைக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஆனால் எவ்வளவு ஊற்றினாலும் சாயங்காலத்துக்குள் துவண்டுவிடும். தூக்கிப் பார்த்தால் அடியில் ஓட்டை வழியாக வேர் எட்டிப் பார்க்கிறது. உள்ளே மண்ணைக் காணோம், எல்லாம் வேர். நீ செய்து நான் பார்த்த ஞாபகத்தில் சமையலறைத் தரையில் பேப்பர் விரித்து, தொட்டியைக் கவிழ்த்துத் தட்டிச் செடியை எடுத்தேன். வேரைப் பிரித்து வேறு தொட்டிகளில் வைக்கலாம் என்று காய்கறிக் கத்தியோடு உட்கார்ந்தேன்.

அப்போது அவன் வந்தான். வேலையிடத்தில் யாரோடோ தகராறு, மத்தியானமே திரும்பிவிட்டான். “அவ பொருளத் தொட யாரு சொன்னா? அவ வரவே மாட்டான்னு முடிவு பண்ணிட்டியா?” என்றான். பிரிக்காவிட்டால் செடி செத்துவிடும் என்றேன். “சாகட்டும்” என்று தொட்டியைச் சுவரில் அடித்தான். செடியை எட்டி உதைத்தான். என் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்து இலைகளை வெட்டத் தொடங்கினான். நிறுத்தவே இல்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் உன் பெயரைச் சொன்னான். தரையெல்லாம் மண்ணும் பச்சைச் சாறும். அந்தச் செடியின் இடத்தில் நீ இருந்திருந்தால்?

நடுக்குருத்தையாவது காப்பாற்றலாம் என்று கையால் மூடினேன். கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தான். ஷூக் காலால் என் கையை மிதித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. காலை எடுக்கவில்லை. சிகரெட்டை அணைப்பது போல அப்படியும் இப்படியும் திருப்பினான்.

ஆஸ்பத்திரிக்கும் அவனேதான் கூட்டிப்போனான். நான் வாயைத் திறப்பதற்குள், “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க டாக்டர்” என்றான். உன் தாடை உடைந்த அன்றும் இதைத்தானே சொன்னான். அந்தக் குளியலறையில் இதுவரை யாருமே நேராக நின்றதில்லை போலிருக்கிறது. திரும்பி வரும்போது காரை ஓரம் கட்டிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான். மறுநாள் புதுச் செடியோடு வந்தான். விரிசல் விட்ட தொட்டியில் அதை வைத்து, விரிசலைச் சுவர்ப் பக்கம் திருப்பி, போட்டோ எடுத்தான். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். படத்தில் கட்டு தெரிகிறது, கொஞ்சம் தள்ளி உட்காரு என்றான்.

அந்த அழுகை நடிப்பு இல்லை. பெற்றவளுக்குத் தெரியும். நடிப்பாக இருந்தால் இவ்வளவு பயப்பட மாட்டேன். நிஜமாக அழுவான், நிஜமாக மிதிப்பான்.

உன் செடி முழுதாகப் போய்விடவில்லை. குப்பையிலிருந்து நர்ஸ் பொறுக்கி வந்தாள். இலையை மட்டும் நட்டால் வராது, வேரும் குருத்தும் சேர்ந்திருக்க வேண்டும் என்பாயே, அப்படித் தேறியது இரண்டு. நசுங்கிய வேர்களை நறுக்கிவிட்டு அவள் வீட்டிலேயே வைத்தோம். ஒற்றைக் கை போதாமல் நான் ஒரு வேரைப் பல்லால் இழுத்தேன். உதடு, நாக்கெல்லாம் தீயாக எரிந்தது. நர்ஸ் என்னைத் திட்டிய திட்டை அவளே எழுத மறுக்கிறாள். அதன் சாறு விஷமாம், வாண்டு கை எட்டாத உயரத்தில் வை.

அதில் ஒன்று இந்தப் பார்சலில் வருகிறது. வேரைவிட இரண்டு விரல் அகலமான தொட்டி போதும். பெரியதில் வைத்தால் ஈரம் தங்கி அழுகிவிடும். நேர் வெயில் ஆகாது. முதலில் சோர்ந்து படுக்கும், பயந்து தண்ணீரைக் கொட்டாதே. இப்போதைக்குப் பூவை எதிர்பார்க்காதே.

உன் விலாசம் எனக்குத் தெரியாது. நர்ஸ் பார்சலில் எழுதும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இன்னொரு கை மீதி இருக்கிறது. அதையும் மிதித்தால் என் வாய் என்ன சொல்லுமோ, எனக்கே நம்பிக்கை இல்லை. “இங்கயே எங்களோட இருந்துடுங்கம்மா” என்று நர்ஸ் கெஞ்சுகிறாள். நான் மேலே வந்துவிட்டால் கீழே கத்துவதற்கு ஆள் இல்லாமல் அவன் உன்னைத் தேடிக் கிளம்பிவிடுவான். அதனால் நான் கீழேதான் இருப்பேன். நீ டிக்கெட்டைக் கிழித்துப் போடு.

அடுத்து நான் சொன்னதை எழுத மாட்டேன் என்று நர்ஸ் பேனாவை வைத்துவிட்டாள். இடது கையால் நானே எழுதுகிறேன். கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

நான் செத்துவிட்டேன் என்று சேதி வந்தாலும் வராதே. நர்ஸே அழுதுகொண்டு சொன்னாலும் வராதே. செடிக்குத் தண்ணீர் ஊற்று. வாண்டுவை அணைத்துக்கொள். நன்றாக இரு.

அத்தை