குடல்வால் என்று சொல்ல மாட்டேன், அக்கா

சண்டை போடவும் மடியில் படுக்கவும் எனக்கென்று இருந்த அக்காவுக்கு,

அடுத்த மாதம் உனக்குத் தலைதிவசம். வரிச்சிக்குடி வீட்டுக்கு அத்தான் வெள்ளையடிக்கிறார். உனக்காக என்று நினைத்துவிடாதே. உன் மகள் கயலைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

நீ எப்படிச் செத்தாய் என்று உனக்குத் தெரியுமா? மாரடைப்பாம். ஊருக்கெல்லாம் அத்தான் அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறார். கருக்களாச்சேரியிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நோவு நொடி இல்லாம போயிட்டாங்க, மகராசி. அதுக்கும் குடுத்து வச்சிருக்கணும்" என்றார். நான் கூடையிலிருந்த மத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாதக்கணக்கில் நீ சுருண்டு கிடந்தது, வயிற்றில் கோத்த நீரை ஊசி போட்டு இறக்கியது, ஒரு வாய்க் கஞ்சிக்கு நீ பட்ட பாடு, எல்லாம் நடக்கவே இல்லை என்றாகிவிட்டது. உன் உயிர் போனது போதாதென்று உன் வலியையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

சினைப்பைப் புற்றுநோய் என்று வெளியில் தெரிந்தால் கயலுக்கு வரன் அமையாதாம்.

உனக்கு வயிறு உப்பத் தொடங்கியபோது காரைக்கால் டாக்டரம்மா கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "வீட்டுல யாருக்காவது புற்றுநோய் இருந்துச்சா?" நீ யோசிக்கக்கூட இல்லை. "இல்லைங்க. எங்க அம்மா மஞ்சக் காமாலைல போயிட்டாங்க." கேஸ் மாத்திரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். எத்தனை நாள் ஓமத் தண்ணீர் குடித்தாய்!

நீ போன பிறகு, புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் என் ரத்தத்தைச் சோதித்தார்கள். உனக்கிருந்த அதே மரபணுக் கோளாறு எனக்கும் இருக்கிறது. அம்மா எதனால் இறந்தார் என்று மறுபடியும் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து அப்பாவை உட்கார வைத்து நானும் அதையே கேட்டேன்.

"உங்கம்மாவுக்கும் இதே எழவுதான்" என்றார். "ரெண்டு பொட்டப் புள்ளைய வச்சிருந்தேன். வெளில தெரிஞ்சா எவன் கட்டுவான்?"

நமக்கு நல்ல இடத்தில்தான் கல்யாணம் நடந்தது, அக்கா. அதில் அப்பாவைக் குறை சொல்ல முடியாது. நீதான் இல்லாமல் போய்விட்டாய்.

"ரெண்டு சினைப்பையும் குழாயும் எடுத்துட்டா ஆபத்து ரொம்பக் குறையும். அறவே இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார் புதுச்சேரி டாக்டர். மாதவிலக்கு ஒரேயடியாக நின்றுவிடும், உடம்பு திகுதிகுவென்று காந்தும், எலும்பு பலவீனப்படும், அதற்கெல்லாம் வைத்தியம் பார்க்கலாம், முடிவு மட்டும் உங்களுடையது என்றார்.

நோயே இல்லாத உறுப்பை அறுத்துக் கொடுப்பதா? எனக்கு இன்னும் நாற்பதுகூட ஆகவில்லை. பையனுக்குப் பிறகு ஒரு பெண் வேண்டும் என்ற என் ஆசை உனக்கு மட்டும்தான் தெரியும். அப்படிப் பிறந்தால் அவளுக்கும் இதைத்தான் சீதனமாகக் கொடுப்பேனோ? என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

வாரக்கணக்கில் முடிவெடுக்க முடியாமல் அல்லாடினேன். அப்போதுதான் அத்தான் வந்தார். "ஆபரேஷன் செஞ்சுக்க செல்வி, வேணாங்கல. வெளில மட்டும் குடல்வால்னு சொல்லிடு. கயல் கல்யாணம் முடியட்டும்."

அம்மாவுக்குக் காமாலை. உனக்கு மாரடைப்பு. எனக்குக் குடல்வால். கயலுக்கு என்ன எடுத்து வைத்திருக்கிறார்கள்? எனக்கு வந்த ஆத்திரத்தில் அத்தானுக்கு ஊற்றிய காபியை நானே குடித்துவிட்டேன். அறுவைக்குச் சம்மதம் என்று ஆஸ்பத்திரிக்கு மறுநாளே சொல்லிவிட்டேன்.

கயலை வீட்டுக்கு வரச்சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். உன் நோய் அவளுக்குத் தெரியும், உன் துணியை அலசியவளே அவள்தானே. அம்மாவின் கதைதான் அவளுக்குத் தெரியாது.

"அம்மாச்சிக்கும் இதானா சித்தி? அப்ப எனக்கும் பாக்கணுமா?"

"பாத்துக்கலாம்டா. நீ எப்ப சொல்றியோ அப்ப. நான் கூட வர்றேன்."

என் தோளில் சாய்ந்துகொண்டாள். பிறகு, "அம்மா எவ்ளோ கத்துனாங்க சித்தி. மாரடைப்புன்னு ஒவ்வொரு தடவ சொல்றப்பவும் எனக்கு அசிங்கமா இருக்கு" என்று அழுதாள். நானும் அழுதேன்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, அக்கா. உன் திவசம் முடிந்த வாரத்தில் அறுவை. படையல் அன்று சொந்தக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். யார் கேட்டாலும் உன் நோயின் பெயரையும் அம்மாவுடைய நோயின் பெயரையும் சொல்வேன். அத்தான் என்னை வாசலோடு திருப்பி அனுப்பினால் வாசலில் நின்று சொல்வேன். இந்த வரன் தட்டிப்போனால் போகட்டும். கயல் உயிரோடு இருந்தால் இன்னொருவன் வருவான். நாளைக்கு ஒரு டாக்டர் அவளிடம் "வீட்டுல யாருக்காவது?" என்று கேட்டால், அவள் உன்னைப்போல் தப்பான பதில் சொல்ல மாட்டாள். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

இப்படிக்கு,
சினைப்பைப் புற்றுநோயில் செத்துப்போன தனலட்சுமியின் தங்கை,
செல்வி